பேரீச்சங்கன்று குடித்த தண்ணீர்

வெகு காலத்துக்கு முன்னே வெங்கானூர் நாட்டை வச்சிரபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். அந்த நாட்டில் வெயிலுக்குக் குறைவே கிடையாது. ராஜாவின் ஆசைகளுக்கும் குறைவு கிடையாது. ஒரு மாதம் மயில் வேண்டும் என்பார், மறுமாதம் மயில் கத்துகிறது, விரட்டு என்பார்.

ஒருநாள் கடல்தாண்டி வந்த குதிரை வியாபாரி ஒருவன் பேரீச்சம்பழம் கொடுத்தான். ராஜா ஒன்று தின்றார். பத்து தின்றார். "இந்த மரம் என் கோட்டைக்குள் வளர வேண்டும்" என்றார். அடுத்த கப்பலில் இருபத்துநான்கு கன்றுகள் வந்து இறங்கின. அப்போது நடுச்சித்திரை.

"நான் பார்த்துக்கொள்கிறேன், பிரபு. இருபது ஆட்கள் போதும்" என்று முன்னால் வந்தார் தோட்ட அதிகாரி அமரகண்டர்.

அந்த நேரம் பார்த்து, குதிரை லாயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரமாயி கழுதையோடு அந்தப் பக்கம் போனாள். ராஜாவுக்கு என்ன தோன்றியதோ, "பாதி உமக்கு, பாதி இவளுக்கு. நாற்பதாம் நாள் வந்து பார்ப்பேன். யார் கன்று குருத்து விடுகிறதோ அவர்களுக்குப் பரிசு. யார் கன்று சாகிறதோ அவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும்" என்றார்.

தண்ணீர்க்காரிக்குச் சமமாகத் தன்னை நிறுத்திவிட்டாரே என்று அமரகண்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரமாயிக்கு எரியவில்லை. அலுப்பாக இருந்தது. கிணறு கோட்டைக்கு வெளியே இரண்டு நாழிகை நடை. லாயத்துக்கே நாளைக்கு நான்கு நடை. இனி இதற்கும் நடக்க வேண்டும்.

முதல் பத்து நாள் ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் திரும்பிக் கிணற்றுக்குப் போய் வருவதற்குள் மண் வெளுத்துக் கிடக்கும். பதினோராம் நாள் காலில் கொப்புளம் உடைந்தது. கன்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் கொண்டுவருவதில் பாதியை வெயில் குடிக்கிறது. வெயிலுக்கா நான் சுமக்கிறேன்?" என்று அலுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் குயவர் வீட்டுக்குப் போனாள். கசிகிறது என்று அவர்கள் ஒதுக்கிவைத்த பானைகளைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு பானையைக் கழுத்துவரை புதைத்தாள். தண்ணீரை நிரப்பி மூடினாள். மேலே வைக்கோலைப் பரப்பினாள். பானை மெல்ல மெல்லக் கசிந்தது, வேர் மெல்ல மெல்லக் குடித்தது. ஒருமுறை நிரப்பினால் இரண்டு நாள் தாங்கியது. உச்சி வெயிலில் அவளால் கொஞ்சம் கண்ணயர முடிந்தது.

அதை அமரகண்டர் பார்த்துவிட்டார். நேரே சபைக்கு ஓடினார். "பிரபு! என் ஆட்கள் வேளைக்கு ஒருமுறை கன்றுகளைக் குளிப்பாட்டுகிறார்கள். அவளோ கழுதை நிழலில் தூங்குகிறாள். அவள் பக்கத்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்!"

நாற்பது நாள்வரை பொறுக்க ராஜாவுக்குப் பொறுமை ஏது? கொதிக்கிற மதியத்தில் பரிவாரத்தோடு வந்துவிட்டார். குனிந்து மண்ணைத் தொட்டார். விரல் சுட்டது.

"பெரமாயி! தண்ணீர் எங்கே?"

அவள் எழுந்து நின்றாள். பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"மகாராசா, காலையிலே மோர் குடிச்சீங்களா?"

"குடித்தேன். இரண்டு செம்பு."

"உங்க பட்டு அங்கியிலே ஒரு சொட்டு மோரும் காணோமே. ராசா மோரே குடிக்கலைன்னு நான் ஊரிலே போய்ச் சொல்லட்டுமா?"



"என்ன பேச்சு இது? வயிற்றுக்குள் போனது அங்கியில் எப்படித் தெரியும்?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்ற பெரமாயி வைக்கோலை விலக்கினாள், பானை மூடியைத் திறந்தாள். பானைக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழம் கையாலேயே தோண்டினாள். "இப்போ தொட்டுப் பாருங்க."

ராஜா கையை விட்டார். மண் சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் கையை வெளியே எடுக்க அவருக்கு மனமே வரவில்லை.

பிறகு அமரகண்டர் பக்கம் போனார்கள். அங்கே சேறு தளும்பியது. ஒரு கன்றின் நடுக்குருத்தை ராஜா லேசாகத்தான் பிடித்தார். அழுகிய நாற்றத்தோடு அது கையிலேயே வந்துவிட்டது. பன்னிரண்டில் ஏழு அப்படி.

"உச்சந்தலையிலே ஊத்தினா குருத்து அழுகிப்போகும், மகாராசா. இதுகளைக் குளிப்பாட்டியிருக்காங்க. குடிக்கக் கொடுக்கலை."

"அமரகண்டரே, மூட்டை கட்டும்" என்றார் ராஜா. அமரகண்டர் முகம் சேற்றைவிடக் கறுத்தது.

"வேண்டாங்க!" என்று பதறினாள் பெரமாயி. "அவர் போயிட்டா மிச்சம் அஞ்சையும் நான்தானே சுமக்கணும்? இங்கேயே இருக்கட்டும். கழுதையைத் தர்றேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே அமரகண்டர் கையில் கழுதையின் கயிறு வந்தது. பானை நிரப்பும் வேலையும் லாயத்து நடையும் அவருக்கு.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேள்."

"தூங்கணும், மகாராசா."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை ராஜா சிரிக்கவில்லை. அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்த் தூங்கு. நீயாக எழுந்திருக்கும்வரை யாரும் எழுப்பக் கூடாது. இனி உன்னைச் சுமக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பெரமாயியின் கன்று ஒன்றில் விரல் நீளத்துக்குப் புதுக்குருத்து எட்டிப் பார்த்தது. சேதி கேட்ட ராஜா பல்லக்குக்குக்கூடக் காத்திருக்காமல், அவளிடம் தானே சொல்ல வேண்டும் என்று அவள் குடிசைக்கு ஓடினார். பின்னாலேயே கட்டியக்காரன் ஓடினான். வாசலில் நின்று, "ராஜாதிராஜ..." என்று அவன் வாயைத் திறந்தான்.

உள்ளே பெரமாயி கோரைப்பாயில் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ராஜா பாய்ந்து கட்டியக்காரன் வாயைப் பொத்தினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் தெருவைக் கடந்து திரும்பிப் போனார்.