ஊதா நிறத்தில் ஒரு ‘நில்’

ஊதா என்றால் தாமோதரனுக்கு உயிர். குடியிருப்புச் சங்கத் தலைவரான அவர், தன் பங்களாவுக்குப் பொருத்தமாகத் தெருமுனையில் ஊதா நிறத்திலேயே ‘நில்’ பலகை நட்டார். ஆட்டோ ஓட்டும் வேலாத்தாள் அதில் நிற்காமல் போனாள்.

“இனி உன் ஆட்டோ இந்தப் பக்கம் வரக்கூடாது!” என்று வழிமறித்தார்.

“சட்டப்படி அது சிவப்புங்க. வீட்டுக்கு வீடு ஒரு நிறம் அடிச்சா, எதுக்குன்னுங்க நிக்கிறது?”

“சட்டமா பேசறே? சிவப்பில்லாம, போலீசில்லாம என் காரை நிறுத்திக் காட்டு. அப்புறம் உள்ளே வா.”

அவர் கார் தினமும் பால்வாடி முன்னால் பறக்கும். மறுநாள் காலை அங்கே சாலைக்குக் குறுக்கே ஒற்றை நூலில் வேப்பிலை தொங்கியது. கார் முட்டினால் அறுந்துவிடும் நூல்தான். ஆனாலும் கார் நின்றது. தாமோதரன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“யாருக்கு அம்மை போட்டிருக்கு?” என்று மெல்லக் கேட்டார்.

“யாருக்கும் இல்லீங்க. குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு நான்தான் கட்டினேன்,” என்றாள் வேலாத்தாள். “பச்சைக்கு எந்தச் சட்டத்துலங்க நின்னீங்க?”

நூலை அறுக்கத் தாமோதரனுக்குக் கை வரவில்லை. கடைசிக் குழந்தை சாலையைத் தாண்டும்வரை வெறுங்காலோடு நின்றார்.