நாலு விரல் நிழல்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு பாறைக்குன்றின் மேல் மரகதவல்லி என்ற ஆசிரியை வானம் கற்றுக்கொடுத்து வந்தார். அவரிடம் வந்து சேர்ந்த மாணவர்களில் தணிகாசலம் கொஞ்சம் விசேஷமானவர். ஆசிரியையைவிட இருபது வயது மூத்தவர். முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர்.

சூரியனையும் பூமியையும் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டார். ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. அது மனசை உறுத்தியதால்தான் இந்த வயதில் குன்றேறி வந்தார்.

வந்த அன்றே ஆசிரியை அவர் கையில் ஒரு மீட்டர் குச்சி ஒன்றைக் கொடுத்தார்.

"வெட்டவெளியில செங்குத்தா நடுங்க. நண்பகல்ல அதோட நிழல் எவ்வளவு நீளம்னு தினமும் அளந்து எழுதுங்க, ஐயா."

தணிகாசலம் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிவந்து, குச்சியை இம்மியும் சாயாமல் நட்டார். தினமும் அளந்து எழுதினார். பள்ளிக்கூட மணிக்குப் பழகிய உடம்பு அல்லவா? கைக்கடிகாரத்தில் முள் பன்னிரண்டைத் தொட்டால்தான் அளவுகோலை நிழலோரம் வைப்பார். ஒரு நொடி முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

ஒருமுறை ஆசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"நண்பகல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"பன்னிரண்டு மணிதானேம்மா நண்பகல்?"

இதையெல்லாமா கேட்பார்கள் என்று அவருக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆசிரியை நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

நாளுக்கு நாள் நிழல் குறுகிக்கொண்டே வந்தது. சித்திரை பிறந்தது. நாலாம் தேதி சூரியன் அந்தக் குன்றுக்கு நேர் உச்சியில் வரும். நேராக நிற்கும் எதற்கும் அந்தக் கணத்தில் நிழல் நீளாது. வருஷத்தில் இரண்டே நாள்தான் அப்படி.

தணிகாசலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் பழைய பள்ளிக்குப் போய், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் ஒரே பேச்சுத்தான். "சரியாப் பன்னிரண்டுக்கு நிழல் மாயமா மறைஞ்சு போகும், பாருங்க!"

பிள்ளைகள் குச்சியைச் சுற்றி நின்றார்கள். ஆசிரியை அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்துப் பத்திலிருந்து கீழே எண்ணினார். பிள்ளைகளும் கூடவே எண்ணினார்கள்.

ஒன்று என்றபோது குச்சியின் நிழல் மேற்கே நாலு விரல் நீளத்துக்கு இருந்தது.

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. தணிகாசலத்துக்கு வேர்த்துவிட்டது. அடிமண்ணைத் தட்டிவிடுகிற மாதிரி குனிந்தார். குச்சியை மெல்லக் கிழக்கே, சூரியன் பக்கம் சாய்த்தார். நிழல் குச்சிக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

"போச்சு! நிழல் போச்சு!" பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கனிஷ்கா என்ற பெண் மட்டும் தட்டவில்லை. குன்றின் ஓரத்தில் நின்ற கொடிக்கம்பத்தைக் காட்டினாள். "சார், கொடிக்கம்பத்துக்கு மட்டும் நிழல் இருக்கே?"

"அது உயரமா இருக்குல்லம்மா? உயரமா இருந்தா நிழல் போகாது."

முப்பத்து நாலு வருஷம் பேசிய வாய் யோசிக்காமல் சொல்லிவிட்டது. கனிஷ்கா அங்கேயே உட்கார்ந்து அதை அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் தணிகாசலம் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"போங்க, போங்க. புளியமரத்தடியில மோர் வச்சிருக்கு."

பிள்ளைகள் ஓடினார்கள். ஆசிரியை அருகில் வந்தபோது மணி பன்னிரண்டு ஆறு.

"கணக்கு எங்கேம்மா தப்பாச்சு?" என்றார் தணிகாசலம் தலை நிமிராமல். "நிழல் இருந்துச்சு. நான்தான் குச்சியைச் சாய்ச்சேன்."

"பார்த்தேன். கணக்கு சரிதான். கொஞ்ச நேரம் இங்கேயே நில்லுங்க."

"அதான் மணி ஆயிடுச்சேம்மா."

"உங்க கடிகாரத்துக்கு ஆயிடுச்சு. நாடு முழுக்க ஒரே மணியைத்தான் அது காட்டும். சூரியன் கிழக்கேயிருந்து ஒவ்வொரு ஊரா வர வேண்டாமா? நம்ம குன்றுக்கு வர இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

தணிகாசலம் வெயிலில் நின்றார். கொடிக்கம்பத்தின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. அது சுருங்கச் சுருங்க, அவர் சாய்த்த குச்சிக்குக் கிழக்குப் பக்கம் ஒரு நிழல் முளைத்து வளர்ந்தது.

பன்னிரண்டு பதினெட்டுக்குக் கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லை. தண்ணீர் டிரம்முக்கு இல்லை. வேலிக் கற்கள் ஒன்றுக்கும் இல்லை. அந்தக் குன்றின் மேல், அவர் நட்ட குச்சி மட்டும் நாலு விரல் நிழலோடு நின்றது.

வாழ்நாளெல்லாம் வாயால் சொன்னதை அவர் அன்றுதான் கண்ணால் கண்டார். சந்தோஷப்பட முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இது எவ்வளவு நேரம் இருக்கும்மா?"

"ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் ஆவணியிலதான்."

ஆவணியில் இந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருப்பார்கள். கனிஷ்காவின் நோட்டில் அந்த வரி அழியாமல் இருக்கும். மரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தவர்களை அவர் திரும்பிப் பார்த்தார். அவசரமாக மண்டியிட்டுக் குச்சியைப் பிடித்தார்.

"நிமிர்த்தி வச்சுட்டு அவங்களைக் கூப்பிட்டுடறேம்மா. சரிதானே?"

ஆசிரியை சொன்னார்:

"கூப்பிட்டுட்டு நிமிர்த்துங்க, ஐயா."