நல்ல நேரம் பார்த்து வந்த குப்பாண்டி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில், மகுடவர்மன் என்றொரு மன்னன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டான். குளிக்க ஒரு நேரம், கோபப்பட ஒரு நேரம், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் ஒரு நேரம். எல்லாவற்றையும் குறித்துக் கொடுப்பவர் அரண்மனைச் சோதிடர் திரிகாலநாதர்.

அதே சபையில் குப்பாண்டி என்றொரு விகடகவியும் இருந்தான். அவனுக்கும் நேரத்துக்கும் ஏழாம் பொருத்தம். "நான் என் கல்யாணத்துக்கே முகூர்த்தம் முடிந்துதான் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை வேண்டுமே என்று காத்திருந்தார்கள்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மன்னன் அவனோடு சேர்ந்து சிரிப்பது சோதிடருக்கு வயிற்றெரிச்சல்.

அந்த ஆண்டு மழை பாதியில் நின்றுவிட்டது. நெல் பால் பிடிக்கும் சமயம். பெரிய ஏரியில் தண்ணீர் இருந்தது, ஆனால் மதகு மூடியிருந்தது. "அடுத்த மாதம்தான் மதகு திறக்க நல்ல நேரம்" என்று சோதிடர் சொல்லிவிட்டார். விவசாயிகள் குப்பாண்டியிடம் வந்து அழுதார்கள். "ஐயா, அடுத்த மாதம் வைக்கோலுக்கா தண்ணீர் பாய்ச்சுவது? ராஜாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

குப்பாண்டி உடனே ஓடினான். மன்னனுக்கு அப்போதுதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். "மன்னா, தண்ணீர் திறந்துவிட வேண்டும்!" என்றான். "என் கண்ணிலிருந்து கொட்டுகிறதே, அது போதாதா?" என்று மன்னன் அலறினான். மறுநாள் மறுபடி போனான். மன்னன் மகாராணியிடம் தாயத்தில் தோற்று எழுந்து வந்துகொண்டிருந்தான். குப்பாண்டி வாய் திறப்பதற்குள் காவலர்கள் அவனை வாசலில் கொண்டுபோய் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அவன் மனைவி வெள்ளையம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "நீங்க சொல்றது எப்பவும் சரிதான். சொல்ற நேரம்தான் சரியில்ல. எண்ணெய் காயறதுக்கு முன்னாடி கடுகைப் போட்டா வெடிக்குமா?"

"என்னைக் கட்டிக்கொண்டதும் கெட்ட நேரத்தில்தானா, வெள்ளையம்மா?"

"அது எங்கப்பா பார்த்த நேரம். என்னைக் கேக்காதீங்க."

அடுத்த முறை மன்னன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுச் சாய்ந்திருந்தபோது குப்பாண்டி மெல்லப் போய் நின்றான். இப்போது மன்னன் முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டுச் சோதிடரைத் திரும்பிப் பார்த்தான்.

திரிகாலநாதர் புன்னகைத்தார். "மன்னர் பெருமானே, குப்பாண்டியாரின் விருப்பத்தைக் கெடுப்பானேன்? யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாங்களே தங்கள் திருவாயால் அவரிடம் 'நல்ல நேரம்' என்று சொல்லும் கணத்தில், அவர் வாசல் மணியை அடிக்கட்டும். மணி கேட்டதும் காவலர்கள் மதகைத் திறக்கட்டும். பௌர்ணமிக்குள் அது நடக்காவிட்டால் அவருக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பலாம்."

தன்னைக் கேட்காமல் மன்னன் எதையும் நல்ல நேரம் என்று சொல்லமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். மன்னனும் "அப்படியே ஆகட்டும்" என்றான்.

"கழுதைக்கு இது கெட்ட நேரம்" என்றான் குப்பாண்டி. சபை சிரித்தது.

அந்தச் சொல்லை எப்படியாவது வரவழைக்க, மன்னன் காலை வெயில் காய நின்றபோது குப்பாண்டி குடையோடு ஓடினான். குளிர்காற்று அடித்த அன்று விசிறியோடு போனான். "நீ எப்போதுமே கெட்ட நேரத்தில்தான் வருவாயா?" என்று மன்னன் சீறினான். பௌர்ணமி நெருங்கியது. வயல்களில் தாள் மஞ்சளாகத் தொடங்கியது.

"உங்க கையில என்ன இருக்குன்னு பாக்காதீங்க. அவருக்கு எப்ப என்ன வேணும்னு பாருங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

குப்பாண்டி தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சபையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். கவனித்தான். உச்சிப்பொழுது கழிந்ததும் மன்னன் பொரிவிளங்காய் உருண்டை தின்பான். தின்றுகொண்டே பேசுவான். பேசினால் விக்கும். விக்கினாலும், சோதிடர் தலையசைத்த பிறகுதான் தண்ணீர் வரும்.

மறுநாள் அயல்நாட்டுத் தூதர் வந்திருந்தார். மன்னன் உருண்டையைக் கடித்தபடி தன் பாட்டனாரின் வீரத்தைச் சொல்லத் தொடங்கினான். "என் பாட்டனார் வாளை உருவி..." ஹிக்! "எதிரியை..." ஹிக்! தூதர் மீசைக்குள் சிரித்தார். மன்னன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சோதிடரைப் பார்த்தான்.

சோதிடர் விரல்விட்டு எண்ணினார். "ராகுகாலம், மன்னா. சற்றே பொறுங்கள்."

மன்னனின் முகம் சிவந்து கண் பிதுங்கியது. அந்தக் கணத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து குப்பாண்டி வந்து செம்புத் தண்ணீரை நீட்டினான். மன்னன் எதையும் பார்க்கவில்லை. மடமடவென்று குடித்து முடித்துப் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா! குப்பாண்டி, நல்ல நேரம் பார்த்து வந்தாயடா!"

அவ்வளவுதான். குப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். டணார், டணார் என்று மணி அதிர்ந்தது. ஏரிக்கரையில் மதகின் பலகை எழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துப் பாய்ந்தது.

"மோசடி! ராகுகாலத்தில் மதகைத் திறந்துவிட்டான்!" என்று கூவினார் திரிகாலநாதர்.

மன்னனும் சினந்து எழுந்தான். "குப்பாண்டி! நான் சொன்னது வேறு, நீ செய்தது வேறு."

மூச்சிரைக்கத் திரும்பி வந்து நின்ற குப்பாண்டி கைகூப்பினான். "மன்னா, அடியேன் மந்தபுத்தி. சொன்னதை மட்டும்தான் புரிந்துகொள்வேன், உட்பொருளெல்லாம் எட்டாது. தாங்கள் 'நல்ல நேரம்' என்றீர்கள், அடித்தேன். ஆனால் ஒன்று. விக்கும்போது கொடுத்தால்தான் அது தண்ணீர். வெளியே வயலெல்லாம் விக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இன்றைக்குத்தான் வேண்டும்."

மன்னன் கையிலிருந்த காலிச் செம்பைப் பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். தூதரும் சிரித்தார்.

"சோதிடரே, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை வரப்பில் நின்று பார்த்துவிட்டு வாரும்."

"வெயில் தாழ்ந்த பிறகு போகிறேனே, மன்னா?"

"இப்போதே!"

மன்னன் தன் தோளில் கிடந்த சரிகைப் பட்டை எடுத்துக் குப்பாண்டிக்குப் போர்த்தினான். "இனி இந்த அரண்மனையில் எது எப்போது நடக்கவேண்டும் என்று நீயே பார்த்துச் சொல்" என்று பதவியும் கொடுத்தான்.

குப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டு காற்றில் பறக்க வீட்டுக்கு ஓடினான். கதவைத் தடாரென்று திறந்து, "வெள்ளையம்மா! நான் இனி நேரம் தெரிந்தவன், ராஜாவே சொல்லிவிட்டார்!" என்று கத்தினான்.

தூளியில் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த கைக்குழந்தை வீறிட்டது.

வெள்ளையம்மாள் தூளிக் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். ஊரெல்லாம் வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அரசாங்கத்தின் புதிய நேர அதிகாரி சரிகைப் பட்டோடு அந்திவரை தூளி ஆட்டினான்.