நூற்றுப் பதினெட்டாவது கிட்டார்

தூத்துக்குடியில் தலையில்லாத கிட்டாருக்கு ஒரு பக்தர் இருந்தார். பெயர் பால்துரை. வயது ஐம்பத்து மூன்று. உப்பு லாரிகளை எடைபோடும் மேடையில் பகல் வேலை.

அடிநாதம் வாசிக்கிற பேஸ் கிட்டாரில் அப்படி ஒரு ரகம் உண்டு. கழுத்தின் நுனியில் தந்திகளை முறுக்குகிற தலை இருக்காது, வெட்டிவிட்டதுபோல மொட்டையாக முடிந்துவிடும். கச்சேரி வீடியோக்களில் பாடகரின் தோளுக்குப் பின்னால் அரை நொடி அது தெரிந்தால் போதும், பால்துரை அங்கேயே நிறுத்திப் படம் பிடித்து வைத்துக்கொள்வார். இரண்டு வருஷத்தில் நூற்றுப் பதினேழு படம் சேர்ந்திருந்தது.

அத்தனையையும் ஹெப்சிபா டீச்சர்தான் பார்த்தாக வேண்டும். டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. வீட்டு மாடியில் பால்துரை உட்பட நாலைந்து பேருக்கு பேஸ் சொல்லிக்கொடுத்து வந்தார். முதல் மாதம் பால்துரை காட்டிய படங்களைப் பார்த்துச் சிரித்தார். ஆறாம் மாதம் வெறுமனே தலையாட்டினார். இப்போதெல்லாம் பால்துரை போனுக்காகச் சட்டைப்பையில் கை வைத்தாலே டீச்சருக்குப் பெருமூச்சு வந்துவிடும்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். பாடகர் குழுவில் பேஸ் வாசித்தவர் மாற்றலாகி ஓசூருக்குப் போய்விட்டார். டீச்சர் சரி என்றால் அந்த இடத்தில் பால்துரை நிற்கலாம், இல்லையென்றால் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே சமாளித்துக்கொள்வார், அப்புறம் பேஸுக்கென்று ஓர் ஆளே வேண்டாம் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். இருபது வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் பால்துரை.

பண்டிகைப் பாட்டை வாசிக்கச் சொல்லி, டீச்சர் தாளப்பெட்டியை ஓடவிட்டார். பால்துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து விரல்களைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார், பாட்டுத் தாளைப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து அவர் தட்டுவதற்குள் தாளம் ஒரு எட்டு முன்னால் போயிருந்தது. டீச்சர் முதல் தடவை பொறுமையாகச் சொன்னார். இரண்டாம் தடவை நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நாலாம் தடவை பெட்டியையே நிறுத்திவிட்டார்.

பால்துரை கிட்டாரை மடியில் சாய்த்துவிட்டு போனை எடுத்து நூற்றுப் பதினெட்டாவது படத்தைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இன்னிக்குமா?"

"ஒரே ஒரு கேள்வி டீச்சர். இந்த மாதிரி ஒண்ணு என் கையில இருந்தா, எனக்கும் இந்த வாசிப்பு வந்திருமா?"

"எந்த வாசிப்பு?"

"இதுல இவர் வாசிக்காருல்லா, அது."

"பாடிக் காட்டுங்க."

பால்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே தெரிந்த அந்தப் பல்லவியைப் பாடினார்.

"அது பாடுறவர் பாடினது. இவர் என்ன வாசிச்சாரு?"

பால்துரை மறுபடியும் பல்லவியையே தொடங்கினார். டீச்சர் விடவில்லை. குடைந்து குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. எடைமேடையில் முதலாளி எதிரேயே உட்கார்ந்திருப்பாராம், அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வீடியோ பார்ப்பாராம். வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள் என்று அங்கேயும் அப்படித்தானாம். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான், கிட்டாரைத் தேடும்போது கவனம் சிதறாது என்றார்.

டீச்சர் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"நூத்துப் பதினெட்டு பேர். ஒருத்தர் வாசிச்சதைக்கூட நீங்க கேக்கல. அப்படி அதுல என்னத்தைத்தான் பாக்கீங்க?"

பால்துரை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கிட்டார் வச்சிருக்கவங்க யாரும் கையைப் பாக்க மாட்டாங்க டீச்சர். கண்ணை மூடிக்கிட்டு நிப்பாங்க. அப்படி ஒரே ஒரு நாள் நின்னாப் போதும் எனக்கு."

"தலை இல்லாததுனாலதான் கண்ணை மூட முடியுதாக்கும்?"

பாரம் குறைவு, தோள் இழுக்காது, அதனால் இருக்கலாம் என்று அவர் விளக்கத் தொடங்கினார். டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் காலால் நகர்த்திச் சுவரோரமாக வைத்தார்.

"இது மேல உக்காருங்க."

"உடைஞ்சிரும் டீச்சர்."

"உடையட்டும்."

பால்துரை உட்கார்ந்தார். டீச்சர் நீளமான வயரைப் பெட்டியில் செருகி, தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே பண்டிகைப் பாட்டு. இம்முறை தாளப்பெட்டி இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து அதன் அதிர்வு பால்துரையின் தொடையில் ஏறியது, வயிற்றில் ஏறியது. டீச்சர் எந்த விரலால் வாசிக்கிறார் என்று பார்க்க அவர் கதவிடுக்குப் பக்கமாகக் கழுத்தை நீட்டினார். வயர் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் வயரைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பார்ப்பதை விட்டுவிட்டார்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் வாசிப்பு திடீரென்று நின்றது.

பால்துரையின் குதிகால் தரையைத் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவது தட்டுக்குச் சரியாக வாசிப்பு திரும்ப வந்து சேர்ந்துகொண்டது. தன் கால்தான் தட்டியது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து கதவு திறந்தது. டீச்சர் நிலைப்படியில் நின்று, பெட்டிமேல் இன்னும் அசையாமல் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராகக் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வாங்க, அண்ணாச்சி."

பால்துரை பதறினார். "கண்ணாடி இல்லன்னா பாட்டுத் தாள்ல ஒரு எழுத்தும் தெரியாதே டீச்சர்."

"தெரியாது. ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நில்லுங்க."