ஆறு யானைகள் சுமந்த எண்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் காவிமலை நாட்டைக் கோதைமார்பன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மட்டும் மனசே வராது. அடுத்த அறைக்குப் போவதென்றாலும் பல்லக்குதான்.

அவனுடைய மந்திரி குழைக்காதர். அந்தப் பதவியின் மேல் கண் வைத்திருந்தவர் சபைப் புலவர் விடங்கர். ராஜாவின் பிறந்தநாள் நெருங்கியதும் விடங்கர் மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, இந்த வருஷம் ஆறு யானைகளின் முகபடாத்தில் யானைக்கு ஓர் இலக்கம் எழுதி நிறுத்தலாம். ஆறும் சேர்ந்து ஒரு பெரிய எண். அதை இரண்டு முதல் ஆறு வரை எதால் பெருக்கச் சொன்னாலும் அதே யானைகள் விடை காட்ட வேண்டும். துணியை மாற்றக் கூடாது. நம் மந்திரியால் முடியாததா?"

"பிரமாதம்! முடியாவிட்டால், மந்திரியாரே, உமது பதவி விடங்கருக்கு!" என்றான் ராஜா.

குழைக்காதருக்குச் சோறு இறங்கவில்லை. முற்றத்து மணலில் உட்கார்ந்து என்னென்னவோ கணக்குப் போட்டார். ஒன்றுக்குப் பின்னால் பூஜ்யங்களாகப் போட்டு ஏழால் வகுத்துக்கொண்டே போனபோது, ஆறு இலக்கம் முடிந்ததும் அதே ஆறும் மறுபடி வரத் தொடங்கின. மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறந்தநாளன்று யானைகள் வட்டமாக நின்றன. 1, 4, 2, 8, 5, 7.

"இரண்டால் பெருக்கும்!" என்றான் ராஜா.

"யானைகள் அசைய வேண்டாம், அரசே. தாங்கள்தான் கொஞ்சம் அசைய வேண்டும். இரண்டு எழுதிய யானையிடமிருந்து நடந்தபடி படியுங்கள்."

ராஜா பல்லக்கைத் தேடினான், காணோம். முனகிக்கொண்டே நடந்தான். "2, 8, 5, 7, 1, 4."

கணக்கர் பெருக்கிப் பார்த்து, "சரியான விடை!" என்று கத்தினார்.

மூன்றுக்கு நான்கிலிருந்து நடந்தான்: 428571. நான்குக்கு ஐந்திலிருந்து, ஐந்துக்கு ஏழிலிருந்து, ஆறுக்கு எட்டிலிருந்து. எல்லாம் சரி. ராஜாவுக்கு வியர்த்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

விடங்கரால் பொறுக்க முடியவில்லை. "ஏழால் பெருக்கினால் 999999. இங்கே ஒன்பது எழுதிய யானை எங்கே?"

"ஆறு வரை என்றது நீர்தான். பரவாயில்லை, புலவரே, ஒவ்வொரு யானையோடும் அதன் எதிர் யானையைக் கூட்டிக்கொண்டே சுற்றி வாரும்."

விடங்கர் விரல்விட்டு எண்ணிக்கொண்டு சுற்றினார். ஒன்றும் எட்டும் ஒன்பது. நான்கும் ஐந்தும் ஒன்பது. இரண்டும் ஏழும் ஒன்பது. சுற்றி முடித்தபோது ஆறு ஒன்பதுகள் ஆகிவிட்டன. சபை கொல்லென்று சிரித்தது.

"எட்டால் பெருக்கினால்?" என்றான் ராஜா ஆசையாக.

"ஏழு இலக்கம் வரும், அரசே. அதற்கு இன்னொரு யானை வேண்டும்."

"அப்படியா? இந்தாரும், என் பட்டத்து யானையே உமக்குப் பரிசு!"

குழைக்காதர் திடுக்கிட்டார். "அரசே, என் வீட்டில் மாடு கட்டவே இடமில்லையே! இதற்குத் தீனி யார் போடுவது?"

ராஜா விடங்கரைத் திரும்பிப் பார்த்தான். "ஏன் கவலைப்படுகிறீர்? நம் புலவர் தினமும் தழை சுமந்து வருவார்."