செந்தாள் நெல் தண்டில் கசப்பை வைத்த கதை

நெல்லும் பூச்சியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்று வளைவில் காத்தாயி என்ற விதவை தன் இரண்டு பெண் குழந்தைகளோடு பயிர் செய்து பிழைத்தாள். அவள் வயலில் பாதி பால்மணி நெல், பாதி செந்தாள் நெல். இரண்டும் அக்கா தங்கைபோல வளர்ந்தன.

ஒரு ஐப்பசி மழையில் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி ஒன்று காற்றோடு வந்து விழுந்தது. "மழை விடும்வரை உங்கள் தூரடியில் ஒதுங்கிக்கொள்ளட்டுமா?" என்று கெஞ்சியது. இரண்டு நெல்லும் சம்மதித்தன.

மழை விட்டது, பூச்சி போகவில்லை. ஊசி மூக்கைத் தண்டில் இறக்கிச் சாறு குடித்தது. உறவையெல்லாம் கூப்பிட்டது. குடித்து மிஞ்சியதைத் தேனாகச் சொட்டவிட்டது. அதை நக்க வந்த எறும்புகள், "உன்னைப்போல் இனிப்பான நெல் உண்டா!" என்று பால்மணியைப் புகழ்ந்தன. பால்மணிக்குப் பெருமை தாங்கவில்லை.

செந்தாளுக்கு மட்டும் நுனி மஞ்சளடித்ததும் பயம் வந்தது. "அம்மா, இலை சமைக்கும் சாறு வேருக்குப் போய்ச் சேரவில்லை. வழியிலேயே குடித்துவிடுகிறார்கள்" என்றது.

காத்தாயி பயிரை விலக்கிப் பார்த்தாள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பூச்சிகள் அப்பிக்கிடந்தன. தண்ணீரை வடித்தாள். காற்றுப் புகப் பயிரைப் பிரித்துவிட்டாள். அப்போதும் அவை அசையவில்லை. கடைசியில் வரப்போரத்து வேம்பிடம் போனாள்.

"என் கசப்பைத் தருகிறேன்" என்றது வேம்பு. "ஆனால் உள்ளே போனது வெளியே வராது. சோறும் கசந்தால் என்னைக் குறை சொல்லாதே."

காத்தாயி தயங்கினாள். அந்தச் சோற்றை நம்பித்தான் குழந்தைகள் இருந்தார்கள்.

"கொண்டு வா அம்மா" என்றது செந்தாள். "கசப்பைத் தண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். கதிருக்கு ஏற விடமாட்டேன்."

"உன்னால் முடியுமா?"

"முடியும். என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

பால்மணியோ தலையை ஆட்டியது. "கசந்தவள் வாசலை யார் மிதிப்பார்? எனக்கு வேண்டாம்."

காத்தாயி வற்புறுத்தவில்லை. வேப்பஞ்சாற்றைச் செந்தாளின் வேரில் மட்டும் ஊற்றினாள். செந்தாள் பகலெல்லாம் நடுங்கியது. பிறகு நிமிர்ந்து நின்றது.

பசியோடு வந்த தத்துப்பூச்சி செந்தாளின் தண்டில் மூக்கை இறக்கியது; கசந்ததும் உடனே உருவிக்கொண்டது. பக்கத்துத் தண்டில் குத்தியது, அங்கும் அப்படித்தான். இலையிலிருந்து இறங்கும் சாற்றில்தான் செந்தாள் கசப்பை வைத்திருந்தது; வேரிலிருந்து மேலேறும் நீரில் கசப்பில்லை. அதை உறிஞ்சியது, வயிறு நிறையவில்லை.

"என்ன இது? உன்னிடம் வெறும் தண்ணீர்தான் இருக்கிறதா?" என்று கத்தியது.

"தாகத்துக்குத் தண்ணீர் தருவேன். பசிக்கு வேறு இடம் பார்" என்றது செந்தாள்.

கூட்டம் முழுவதும் பால்மணிமேல் இறங்கியது. சில நாளில் பால்மணி வட்டம் வட்டமாகக் காய்ந்து, புகை படிந்ததுபோல் கருகிச் சாய்ந்தது.

"கோபமா அம்மா?" என்றது பால்மணி.

"இல்லையடி" என்று காத்தாயி ஓரத்தில் தப்பிய கதிர்களை விதைக்கு உருவி மடியில் கட்டிக்கொண்டாள். "உன்னையும் விதைப்பேன். காவலோடு விதைப்பேன்."

தை பிறந்ததும் செந்தாளை அறுத்துக் குத்திப் பொங்கினாள். குழந்தைகள் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். காத்தாயி முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். கசப்பு துளியும் இல்லை. "சாப்பிடுங்கள்!" என்று அள்ளி அள்ளி வைத்தாள்.

வயலைப் புகையவைத்த அந்தப் பூச்சிக்கு ஊரார் புகையான் என்று பெயர் வைத்தார்கள். பால்மணிபோல் இளகிய நெல்லில் உட்கார்ந்த இடத்திலேயே குடித்துக் கொழுக்கும் புகையான், செந்தாள் வழிவந்த நெல்லில் குத்திக் குத்திப் பார்த்து, வெறும் தண்ணீரைக் குடித்து, நிலைகொள்ளாமல் அலைவது அன்று முதல்தான்.