அரை மீசை ஆசிரியர்

மந்தையூரில் மூன்று மேதாவிகள் இருந்தார்கள்: உலகநாதன், வேதகிரி, அய்யாவு. பிள்ளைகள் காசில்லாமல் படிக்கட்டுமே என்று இணையத்தில் ‘கல்விக் கிணறு’ என்றொரு இதழ் தொடங்கினார்கள். விக்கி மென்பொருளைப் போட்டுக் கொடுத்த பட்டணத்துக்காரர், கிளம்பும்போது இரண்டே விதி சொன்னார்: “பக்கத்தை யார் வேணும்னாலும் திருத்தலாம். ஆனா அதுல இருக்கறது உண்மையா இருக்கணும்.” மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அந்த ஆட்டலைப் பார்த்தாவது மனுஷர் உஷாராகியிருக்கலாம்.

ஆசிரியர் பதவி உலகநாதனுக்கு. படிப்பைப் பார்த்துக் கொடுத்ததல்ல, மீசையைப் பார்த்து. அப்படியொரு மீசை! பெண் பார்க்கப் போன இடத்தில் கனகவல்லி வாய்விட்டுப் பாராட்டியதும் அதை மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், எந்தப் புண்ணியவானோ இதழின் முதல் பக்கத்தைத் திருத்திவிட்டான். ‘எங்கள் ஆசிரியருக்கு முழு மீசை’ என்றிருந்தது ‘அரை மீசை’ ஆகியிருந்தது.

“பொய்! அழிச்சிடு!” என்று அலறினான் உலகநாதன்.

வேதகிரி காதைப் பொத்திக்கொண்டான். “யாரும் திருத்தலாம்னு நாமளே கூப்பிட்டுட்டு, வந்தவர் எழுதினதை அழிச்சா நாமெல்லாம் மனுஷங்களா?”

“அப்போ பிள்ளைங்க பொய்யைப் படிக்கட்டுமா?”

அய்யாவு வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தான். “எழுத்தையும் தொடக் கூடாது, பொய்யும் இருக்கக் கூடாது. அப்படின்னா கை வைக்கறதுக்கு மீசை ஒண்ணுதான்டா மிச்சம்.”

உலகநாதன் மீசையைத் தடவிக்கொண்டான். கனகவல்லி முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் ஆசிரியர் ஆயிற்றே! “எந்தப் பக்கம்னு போட்டிருக்கா?” என்று மட்டும் கேட்டான். போடவில்லை. இடப்பக்கத்தை வழித்தார்கள். பக்கம் உண்மையாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் பட்டணத்துக்காரருக்குப் போன் போட்டு, யாரோ அரை மீசை என்று திருத்தியதைச் சொன்னார்கள்.

“இதுக்கா இப்படி? ‘பழைய நிலைக்கு மீட்டமை’ன்னு பொத்தான் இருக்கே! அழுத்துங்க, எல்லாம் பழையபடி ஆயிடும்.”

அழுத்தினார்கள். பக்கத்தில் ‘முழு மீசை’ வந்துவிட்டது. உலகநாதன் உதட்டில்தான் வரவில்லை. மூன்று பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“டவர் கம்மி” என்றான் வேதகிரி. “ஜன்னலோரமா நில்லு, முளைச்சிடும்.”

மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ய வந்த சலூன்காரர், “மிச்சத்தையும் எடுத்துடலாமே தம்பி” என்றார்.

“யோவ், அங்கே முழு மீசைன்னு போட்டிருக்கு. இன்னும் பொய்யாக்கச் சொல்றியா?” என்று அய்யாவு அவரை விரட்டியடித்தான்.

மறுநாள் முகூர்த்தம். வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான் உலகநாதன். கனகவல்லி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். நாயனம் நின்றது.

“மீதி எங்கே?”

அவனுக்கு அழுகை முட்டியது. “வந்துட்டே இருக்கு கனகு... டவர்தான் கிடைக்கலை.”

கனகவல்லி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் மடியிலிருந்த போனை எடுத்து உற்றுப் பார்த்தார். முகம் ஜிவ்வென்று சிவந்தது.

“மாப்பிள்ளை மேல என்னம்மா தப்பு? இங்கே டவர் ஒரு பாயிண்ட்கூட இல்லையே! டேய், மணவறையைத் தூக்கி மொட்டை மாடியில வைங்கடா!”